பதினோரு மணி டீயும் எங்கள் விளம்பரமும்

ராகு காலத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் சபைப் போதகர் இதைப் படித்தால் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். நடந்ததை நடந்தபடி எழுதினால் அப்படித்தான் வருகிறது.

டாலர் விலை சரிந்து திருப்பூரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த இரண்டாயிரத்து ஏழாம் வருடம். எனக்கு இருபத்து மூன்று வயது. தாராபுரம் ரோட்டில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்தேன். பிறந்த குழந்தைகளுக்கான துணி தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிற கம்பெனி. மெயில் பார்ப்பது, பில் அடிப்பது, பிரிண்டர் மக்கர் பண்ணினால் தட்டிச் சரி செய்வது எல்லாம் நான்தான்.

என் அம்மாவுக்கும் அங்கேதான் வேலை, செக்கிங் டேபிளில். தைத்து வரும் ஒவ்வொரு உருப்படியையும் உள்ளும் வெளியும் திருப்பி, இழுத்து, ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். ஓட்டையோ விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவாள். குற்றமில்லாதது வலது பக்கம் போகும். அப்பா இறந்த பிறகு திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறியவள், பத்து வருடம் நின்றபடியே அம்பு ஒட்டித்தான் என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள்.

எங்களுக்கு ஆர்டர் பிடித்துத் தருபவர் ஒரே ஒரு ஏஜெண்ட். அந்த ஆனி மாதத்தோடு அவர் எங்களை மறந்துவிட்டார். முதலாளி போன் அடித்தால் எடுப்பதில்லை. ஒருநாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, ஐப்பசி முடிவதற்குள் ஆர்டர் வராவிட்டால் மிஷின்களை விற்றுவிட்டுக் கட்டிடத்தை ஒரு நூல் வியாபாரிக்குக் கிடங்காக விடப்போவதாகச் சொன்னார். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தார்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள். "ஏட்டி, மொதலாளி சொன்னது காதுல விழுந்துதா? ஐப்பசிக்குப் பொறவு நமக்கு இங்க சோலி கிடையாது. நான் ஊருக்குப் போயி பீடி சுத்திருவேன். நீ என்ன செய்வ?"

எனக்கு அழுகை வரவேண்டிய இடங்களில் எல்லாம் கோபம்தான் முதலில் வரும். ஒரு மனிதர் போனை எடுக்காததற்காக என் அம்மா மறுபடி பீடித் தட்டைத் தூக்க வேண்டுமா என்று அன்று வந்த கோபத்தில்தான், மறுநாள் காலை முதலாளியின் மேஜை முன் போய் நின்றேன். இன்டர்நெட்டில் விளம்பரம் போடலாம் என்றேன்.

முதலாளி வெள்ளகோவில் பக்கம் தோட்டங்காட்டு விவசாயக் குடும்பம். விளம்பரம் என்றால் அவருக்கு அவிநாசிபாளையத்துச் சுவர்தான். மாமனார் ஊருக்குப் போகும் வழியில் அந்தச் சுவரை வாடகைக்குப் பிடித்து, கம்பெனி பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு குழந்தையையும் வரையச் சொல்லியிருந்தார். வரைந்தவர் கட்சித் தலைவர்களை வரைந்து பழகியவர். குழந்தை ஏதோ ஒரு தொகுதியில் நிற்கப் போவதுபோல் நம்மைப் பார்க்கும். தாராபுரம் பஸ்ஸில் போகிற எவரும் வெளிநாட்டுக்குக் குழந்தைத் துணி வாங்குகிறவர் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த இடம் வந்தால் காரை மெதுவாக ஓட்டுவார்.

"கம்ப்யூட்டர்ல போட்டா ஆரு பாப்பாங்க அம்மிணி?" என்று கேட்டார்.

"குழந்தைத் துணி வேணும்னு யாராவது தேடினா, அவங்க தேடுற பக்கத்துல ஓரமா வரும் முதலாளி. அழுத்தி உள்ள வந்து பாத்தாத்தான் நமக்குச் செலவு. இல்லைன்னா ஒண்ணுமில்லை."

அது அவருக்குப் பிடித்துவிட்டது. யாரும் பார்க்காத சுவருக்கும் வாடகை கொடுத்தவர் ஆயிற்றே. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "வெளிநாட்டுல தெரியறது இருக்கட்டும். நம்மூர்லயும் தெரியோணும். நாம போட்ட விளம்பரத்தை நாம பாக்க முடியலீன்னா அது என்ன விளம்பரம்?"

அவர் மனைவியிடமிருந்து மூன்று நிபந்தனைகள் வந்தன. பேக்கிங் செக்ஷனும் சாவிக்கொத்தும் அவர் பொறுப்பு. நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்போம்.

"ஆடில எதையும் தொவக்கப்படாது அம்மிணி, ஆவணி பொறக்கட்டும். தெனமும் ராகு காலத்துல அதை நிறுத்திப்போடோணும். சாயந்தரம் கடை சாத்தற மாதிரி சாத்தீட்டுத்தான் ஊட்டுக்குப் போகோணும்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இருப்பதோ மூன்று நான்கு மாதம், அதில் ஆடியைக் கழித்தாயிற்று. ஆனாலும் சரி என்றேன். ராகு காலம் ஒவ்வொரு கிழமைக்கும் ஒவ்வொரு நேரம். அந்த அட்டவணையை எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டேன். திருநெல்வேலிக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி ராகு காலத்தை மனப்பாடம் செய்த கதை இப்படித்தான்.

ஆவணி முதல் வாரம், நல்ல நேரம் பார்த்து, அக்கா மானிட்டருக்குச் சூடம் காட்டினார். கீபோர்டு ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு. முதலாளியின் மச்சினனுடைய கிரெடிட் கார்டைக் கொடுத்து நான் விளம்பரத்தை ஓடவிட்டேன். முதலாளி ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, குழந்தைத் துணி என்று ஆங்கிலத்தில் அடித்தார். பக்கத்தின் வலது ஓரத்தில், மூன்று வரியில், எங்கள் கம்பெனி வந்தது.

அவர் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு அதை அழுத்தினார். எங்கள் வெப்சைட் திறந்தது. பின்னால் போய் இன்னொரு முறை அழுத்தினார். தையல் மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினார், அவரும் அழுத்தினார். டீ கொண்டுவந்தவர் அழுத்தினார். முதலாளி போனை எடுத்து யார் யாருக்கோ பேசினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. நானும் ஒருமுறை அழுத்தினேன். அன்று எல்லோரோடும் சேர்ந்து நான் சிரித்தேன். பின்னால் என்னையே திட்டிக்கொண்டேன்.

அம்மா மட்டும் வந்து பார்க்கவில்லை. செக்கிங்காரர்கள் ஆபீஸ் பக்கம் வருகிற வழக்கம் இல்லை. "நீ பாத்தியா? போதும்" என்று சொல்லிவிட்டாள்.

நாங்கள் ஒரு நாளைக்கு ஒதுக்கிய தொகை முப்பது பேர் அழுத்துவதற்குத்தான் போதும். அது தீர்ந்தால் விளம்பரம் மறைந்துவிடும், மறுநாள்தான் வரும். முதல் நாளே மத்தியானத்துக்குள் தீர்ந்தது. மறுநாளும் அப்படியே. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐரோப்பாவில் இத்தனை பேர் வந்து பார்க்கிறார்களே, ஒருவர்கூடவா மெயில் போடமாட்டார் என்று நினைத்தேன்.

என் ஆங்கிலத்தின் மேல் சந்தேகம் வந்தது. 'அனைத்துவகைப் பின்னலாடைகளின் முன்னணி உற்பத்தியாளர்' என்றுதான் முதலில் போட்டிருந்தோம். திருப்பூரில் எல்லோரும் முன்னணிதான், பின்னணியில் ஆளே கிடையாது. அதை எடுத்துவிட்டு வேறு எழுதினேன். மறுநாள் அதையும் அழித்தேன். ஏழெட்டு முறை மாற்றிய பிறகு, எங்களிடம் உண்மையில் என்ன இருக்கிறதோ அதை எழுதினேன். 'பிறந்த குழந்தைக்கான மெல்லிய பனியன் துணிகள். சிறிய ஆர்டரும் எடுப்போம். திருப்பூர்.' முதலாளி முகத்தைச் சுருக்கினார். சிறிய ஆர்டர் என்று சொன்னால் நம்மைச் சின்னக் கம்பெனி என்று நினைப்பார்களே என்றார். சின்னக் கம்பெனிதானே முதலாளி என்றேன்.

மெயில் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒன்று வந்தது. முதல் வாரம் ஒருவர் சாக்ஸ் கிடைக்குமா என்று கேட்டார். இரண்டாவது வாரம் ஒரு அம்மாள் தன் நாய்க்குட்டிக்கு அளவெடுத்து பனியன் தைத்துத் தருவீர்களா என்று கேட்டார். மூன்றாவது வாரம்தான் ஒருவர் குழந்தைத் துணிக்கு விலை கேட்டுவிட்டுக் காணாமல் போனார். மூன்றும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வந்தவை.

அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. "வெள்ளிக்கிழமை மகாலட்சுமி வர்ற நாளு அம்மிணி. ராகு காலத்துல நிறுத்துனதுக்குப் பலன் அன்னிக்குத்தான் தெரியுது."

வீட்டுக்கு வந்தால் அம்மா வேறு சொன்னாள். "வெள்ளிக்கிழம சபையில உபவாச ஜெபம்லா? நான் பச்சத் தண்ணி குடிக்காம உக்காந்து ஜெபிச்சது வீணாவா போகும்?"

இரண்டு பேருக்கும் நடுவில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய மூன்று வரிக்கு எந்தப் பங்கும் இல்லையாம்.

நான்காவது வெள்ளிக்கிழமை. பதினோரு மணி. திருப்பூர் முழுக்க மிஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கிற நேரம். முதலாளி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"காங்கேயத்துல எண்ணெய் மில் வெச்சிருக்கற மாமன் பேசறாரு அம்மிணி. வெள்ளிக்கிழமையானா நம்ம விளம்பரத்தைக் காணோமாமா?"

"வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகு காலம் முதலாளி. நிறுத்தி வெச்சிருக்கேன்."

அவர் அதைப் போனில் சொன்னார். எனக்கு ஏதோ உறுத்தியது. "அவர் நம்ம விளம்பரத்தைத் தினமும் பாப்பாரா?" என்று கேட்டேன்.

"தெனமும் பதினோரு மணிக்கு டீ குடிக்கறப்ப ஒருக்கா பாத்துப்போடுவாரு. அவரு மட்டுமா? வெள்ளகோவில்ல சித்தப்பன் பசங்க ரெண்டு பேரு பிரவுசிங் சென்டருக்கே போயிப் பாக்கறாங்க. பக்கத்துக் கம்பெனிக்காரங்க, நூல் கடை, சாயப்பட்டறை, எல்லாருக்கும் நாந்தான சொல்லி வெச்சிருக்கேன்."

"பாக்குறவங்க அழுத்துவாங்களா?"

"அழுத்தாம எப்புடி? உள்ள போயி நம்ம கம்பெனிப் போட்டோவப் பாக்க வேண்டாமா?"

நான் நாற்காலியில் அப்படியே சாய்ந்தேன். மூன்று வாரமாக எங்கள் விளம்பரத்தைத் தின்றது ஐரோப்பா இல்லை, காங்கேயமும் வெள்ளகோவிலும் எங்கள் தெருவும்தான். ஒரே கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப அழுத்தினால் கணக்கில் வராது என்று எங்கோ படித்திருந்தேன். ஆனால் முதலாளிக்கு எத்தனை சொந்தம், சொந்தத்துக்கு எத்தனை கம்ப்யூட்டர். பதினோரு மணி டீயோடு எல்லோரும் ஆளுக்கொன்று அழுத்த, ஐரோப்பாவில் கடை திறப்பதற்குள் எங்கள் கடை சாத்தியாகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை மட்டும், ராகு புண்ணியத்தில், டீ நேரத்தில் விளம்பரம் இல்லை. அன்று மட்டும் அது பிற்பகலில் உயிரோடு இருக்கிறது.

முதலாளியிடமும் அக்காவிடமும் இதைச் சொன்னேன். முதலாளியின் முகம் வாடிவிட்டது. ஆசையாகப் பார்த்தது தப்பாகிவிட்டதே என்று அவருக்கு.

"அப்ப எல்லாத்தையும் அழுத்த வேண்டாம்னு சொல்லிப்போடறேன்" என்றார்.

"சொன்னா கேக்கமாட்டாங்க முதலாளி. நம்ம நாட்டுலயே தெரியாம பண்ணிடறேன். ஐரோப்பாவுல மட்டும் தெரியட்டும்."

"கண்ணுல காணாததை நம்பச் சொல்றயா அம்மிணி?"

நான் ஆமாம் என்றேன். என் வீட்டில் ஒருத்தி வாராவாரம் அதைத்தான் செய்கிறாள் என்று சொல்லவில்லை.

அக்காவுக்கு ஒரே ஒரு கேள்விதான். "அப்ப ராகு காலம்?"

இதற்கு நான் தயாராகவே இருந்தேன். அட்டவணையை மனப்பாடம் செய்தவள் பஞ்சாங்கத்தையும் புரட்டியிருந்தேன். "ராகு காலம் அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்தை வெச்சுத்தானக்கா? விளம்பரம் ஓடுறது அவங்க ஊர்ல."

அக்கா யோசித்தார். "சரிதான். கடல் தாண்டி ஓடறதுக்கு நம்ம நேரம் எதுக்கு? ஓடட்டும்" என்றார். அதோடு சாயந்தரம் கடை சாத்துகிற வழக்கமும் போயிற்று. விளம்பரம் தெரிகிற நாடுகளின் பட்டியலிலிருந்து இந்தியாவை எடுத்தேன்.

மறுநாளிலிருந்து எங்களுக்குச் சனி பிடித்தது. விளம்பரத்தைக் காணோம் என்றதும், கம்பெனியை மூடுகிறார்கள் என்று தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. சாயப்பட்டறைக்காரர் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து போனார். நூல் வியாபாரி டேப்போடு வந்து சுவரிலிருந்து சுவர் வரை அளந்தார். அம்மாவின் செக்கிங் டேபிளைத் தள்ளிவைத்து அந்த இடத்தையும் அளந்தார். அம்மா கையில் துணியோடு ஓரமாக நின்றதை ஆபீஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கையிலிருந்த டேப் நானூறு துண்டாகியிருக்க வேண்டும்.

முதலாளி தினமும் காலையில் வந்து தேடி அடிப்பார். வலது ஓரம் வெறுமையாக இருக்கும். எழுந்து போய்விடுவார். இரண்டு வாரம் பொறுத்தார். மூன்றாவது வாரம் முடியவில்லை.

"மறுபடி தெரியற மாதிரி பண்ணிப்போடு அம்மிணி. ஊருக்குப் பதில் சொல்ல முடியலை."

"முடியாதுங்க முதலாளி."

சம்பளம் கொடுக்கிறவரிடம் முடியாது என்று சொல்வது எங்கள் வீட்டில் எவருக்கும் பழக்கமில்லை. முதலாளி என்னையே பார்த்தார். பேக்கிங் டேபிளில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிராமல் பேசினார்.

"ஏனுங்க, அடைக்கோழிய நிமிசத்துக்கொருக்கா தூக்கிப் பாத்தா குஞ்சு பொரிக்குமுங்களா? அந்தப் புள்ளைய விடுங்க."

முதலாளி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு தையல் பக்கம் போய்விட்டார்.

மெயில் வந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை வரை நம்ம ஊரில் அசல் ராகு காலம். நெதர்லாந்தில் குழந்தைத் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி எழுதியிருந்தார். பெரிய கம்பெனிகள் அவருடைய ஆர்டர் சின்னது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்களாம். 'சிறிய ஆர்டரும் எடுப்போம் என்று பார்த்தேன், உண்மைதானா?' என்று கேட்டிருந்தார்.

நான் இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை முதலாளிக்குச் சத்தமாகத் தமிழில் சொன்னேன். உண்மைதான் என்று பதில் அடித்தபோது என் விரல் ஒவ்வொரு எழுத்திலும் தப்பியது. அக்கா வந்து, இப்போது அங்கே என்ன மணி என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். "அவிங்களுக்கு அது நல்ல நேரம்" என்று முடித்துவிட்டார். நான் சண்டைக்குப் போகவில்லை. அன்று யார் என்ன சொல்லியிருந்தாலும் எனக்குச் சம்மதம்.

சாம்பிள் தைத்தோம். அம்மா ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்த்தாள். கூரியரில் போயிற்று. பிடித்திருக்கிறது, நேரில் வருகிறேன் என்று பதில் வந்தது. ஐப்பசி கடைசி வாரத்தில், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, ஏஜெண்ட் யாரும் இல்லாமல், ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்தப் பெண்மணி எங்கள் கேட்டுக்குள் நடந்து வந்தார்.

ஆபீஸில் உட்கார்ந்து ஒரு பைலைத் திறந்தார். முதல் காகிதத்தை உருவி மேஜையில் வைத்தார். அவர் தேடிய பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுத்திருந்தார். வலது ஓரத்தில் எங்கள் மூன்று வரி. அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம்.

முதலாளி அதை இரண்டு கையாலும் எடுத்தார். இரண்டு மாதமாக அவர் கண்ணில் படாத விளம்பரம். எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளி ஒருத்தர் வட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்.

"இத்தனை நாளும் இது அங்க ஓடீட்டுத்தான் இருந்திருக்குதா?" என்றார் என்னிடம். "இதை நான் வெச்சுக்கலாமான்னு அவிங்களக் கேளு அம்மிணி."

வைத்துக்கொள்ளச் சொன்னார் அவர். ஆர்டரும் கொடுத்தார். பெரிய ஆர்டர் இல்லை. எங்கள் மிஷின்கள் பொங்கல் வரை நிற்காமல் ஓடப் போதும், பிடித்தால் அடுத்ததும் உண்டு என்றார். முதலாளி அங்கேயே நூல் வியாபாரிக்குப் போன் போட்டார். "கெடங்குக்கு வேற எடம் பாத்துக்குங்க சாமி" என்று அத்தனை மரியாதையாகச் சொன்னார். பிறகு அந்தப் பெண்மணியைக் காரில் ஏற்றி, நான் எவ்வளவு தடுத்தும் கேளாமல், அவிநாசிபாளையத்துச் சுவரைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். வெட்கத்தில் எனக்கு உயிரே போயிற்று. அந்தப் பெண்மணியோ அந்தத் தலைவர் குழந்தைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்.

தை பிறப்பதற்குள் எங்கள் தெருவில் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். முதலில் வந்தவர் துக்கம் விசாரித்த அதே சாயப்பட்டறைக்காரர், தன் மருமகனின் கம்பெனிக்காக. பனியன் கம்பெனி, லேபிள் கம்பெனி, காங்கேயத்து எண்ணெய் மில் மாமன்கூட. இன்று விளம்பரம் போட்டுக் கொடுப்பதே என் தொழில், எனக்கென்று ஒரு ஆபீஸும் இருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன். உங்கள் விளம்பரத்தை நீங்கள் பார்க்கக் கூடாது. அதற்குச் சம்மதித்தால் உட்காருங்கள்.

அதெல்லாம் பிறகு. அன்று சாயந்தரம், முதலாளியிடம் அந்தக் காகிதத்தை ஐந்து நிமிடத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு நான் செக்கிங் டேபிளுக்குப் போனேன். அம்மா வேலையில் இருந்தாள். நூல் வியாபாரி தள்ளிவைத்த டேபிள் பழைய இடத்துக்கே வந்திருந்தது.

"இதான்மா. நான் எழுதுனது" என்றேன்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். முன்னால் பார்த்தாள். பின்னால் திருப்பிப் பார்த்தாள். தூக்கி ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து, நான்கு ஓரத்தையும் விரலால் தடவி, அந்த வட்டத்துக்குள் நெடுநேரம் பார்த்தாள். அம்பு ஸ்டிக்கர் தாள் பக்கத்திலேயே இருந்தது. அதை அவள் தொடவில்லை.

"ஒரு குத்தமும் இல்லட்டி" என்றாள். கண் நிறைந்திருந்தது. "பாஸ்."

காகிதத்தை வலது பக்கம், குற்றமில்லாத துணிகளின் மேல் பதமாக வைத்துவிட்டு, அடுத்த உருப்படியை எடுத்தாள்.